கையெழுத்து உங்களுடையது, சாவி யாரிடம்?

குடியாத்தத்தில் தோல் கம்பெனி நடத்தும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினார். பிரைவேட் லிமிடெட் கம்பெனி, அவர் டைரக்டர். "உங்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எங்கே?" என்று கேட்டேன். "ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில் இருக்கு சார். பின் நம்பரை அதன் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள்" என்றார் பெருமையாக!

கையெழுத்துப் போட்ட வெற்று செக் புத்தகத்தை அப்படி வைப்பாரா?

டோக்கன் பார்ப்பதற்கு பென் டிரைவ் போலத்தான் இருக்கும். அதற்குள் உங்கள் ரகசியச் சாவி இருக்கிறது. அதைக் கொண்டு கையெழுத்திட்ட ஃபைலில் பிறகு ஒரு எழுத்து மாறினாலும் கம்ப்யூட்டர் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் டோக்கனைச் செருகிய கை யாருடையது என்று அதற்குத் தெரியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 42, சாவியைப் பாதுகாக்கும் பொறுப்பை உங்கள் மேல்தான் வைக்கிறது.

இப்படிச் சட்டம் எழுதிய அரசே என்கிரிப்ஷன் விஷயத்தில், அதாவது தகவலைப் பூட்டி அனுப்புவதில், வேறு மாதிரி நடந்துகொண்டது. 2000களில் இணைய நிறுவனங்களுக்குத் தந்த லைசென்ஸில் 40 பிட் சாவி வரைதான் அனுமதி. அதற்கு மேல் வேண்டுமானால் அனுமதி வாங்கி, சாவியையும் ஒப்படைக்க வேண்டும். 40 பிட் சாவி ஒன்றை 1997லேயே அமெரிக்காவில் படித்த மாணவர் ஒருவர் சுமார் 250 கம்ப்யூட்டர்களைக் கொண்டு மூன்றரை மணி நேரத்தில் உடைத்திருந்தார். ரிசர்வ் வங்கியோ 2001ல் இன்டர்நெட் பேங்கிங்குக்குக் குறைந்தது 128 பிட் வேண்டும் என்றது. எதைக் கேட்பது?

2015 செப்டம்பரில் வந்த என்கிரிப்ஷன் கொள்கை வரைவு இன்னும் வேடிக்கை. பூட்டி அனுப்பிய செய்தியின் பூட்டாத நகலை நாமே 90 நாள் வைத்திருந்து, கேட்டால் காட்ட வேண்டுமாம். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே வாபஸ் வாங்கினார்கள். குற்றவாளியைப் பிடிக்க அரசுக்கு வழி வேண்டும்தான். அதற்காக எல்லோர் வீட்டுச் சாவிக்கும் நகல் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நகல் இருக்கும் இடமெல்லாம் திருடன் நுழையும் இடம்தான். ஆடிட்டர் ஆபீஸ் டிராயரும் அப்படித்தான்.

"மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு நான் அங்கே போய் உட்கார முடியுமா?" என்றார் நண்பர். வேண்டாம். ரிட்டர்னை ஆடிட்டரே தயார் செய்யட்டும். டோக்கனை வாங்கி வந்து, முதலில் பின் நம்பரை மாற்றுங்கள். டோக்கனுக்கான டிரைவரை உங்கள் கம்ப்யூட்டரில் நிறுவுங்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்திட ஐந்து நிமிடம் போதும். டோக்கன் தொலைந்தால், சான்றிதழ் தந்த நிறுவனத்துக்கு உடனே சொல்லி ரத்து செய்துவிடுங்கள்.

நண்பர் டோக்கனை வாங்கி வந்துவிட்டார். பின் நம்பர் ஒட்டிய ஸ்டிக்கரைத்தான் இன்னும் கிழிக்கவில்லை.