முன்னேற்றம் யாருடைய காலில்?

"புறொஜெக்ற் முடிஞ்சிட்டாம் ஃபாதர். எங்கட கஷ்டம்தான் இன்னும் முடியல்ல." கல்முனைப் பக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் வயோதிப விவசாயி ஒருவர் இப்படிச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். வீடு திரும்பிய பின்னர்தான் அந்தச் சொல் எம்மைக் குடையத் தொடங்கியது.

இடம்பெயர்ந்த எமது விவசாயக் குடும்பங்களைத் தேடி வருபவர்கள் மூன்று ஆங்கிலச் சொற்களைக் கையோடு கொண்டு வருகிறார்கள்: புறோகிறஸ், புறொஜெக்ற், டெவலப்மென்ற். படிவங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் இவைதான். இவற்றின் வேரைச் சற்றுத் தோண்டிப் பார்ப்போம்.

'புறோகிறஸ்' லத்தீன் வேரிலிருந்து வந்தது. அடியெடுத்து முன்னே வைத்தல் என்பது அதன் பொருள். நடப்பவர் தமது காலால் நடக்கிறார். 'புறொஜெக்ற்' என்பதும் லத்தீன்தான். முன்னே எறியப்பட்டது என்று பொருள். எறிபவர் ஒருவர், எறியப்படுவது வேறொன்று. 'டெவலப்மென்ற்' பிரெஞ்சு வழியாக வந்தது. சுற்றி வைத்ததை அவிழ்த்தல் என்று பொருள்படும். உள்ளே இருப்பதுதான் வெளியே வரும். நெல்மணிக்குள் முளை இருப்பது போல. விதைப்பவர் முளையைச் செய்வதில்லை. ஈரமும் இடமும் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

1967 இல் பாப்பரசர் ஆறாம் பவுல் எழுதிய சுற்றுமடலின் லத்தீன் தலைப்பு மக்களின் 'புறோகிறஸ்' பற்றியது. ஆங்கிலத்தில் அதை 'டெவலப்மென்ற்' ஆக்கினார்கள். பொருளாதார வளர்ச்சி மட்டும் போதாது, முழு மனிதனும் எல்லா மனிதரும் வளர வேண்டும் என்பதே அம்மடலின் சாரம்.

1949 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ட்றூமன் தமது பதவியேற்பு உரையில், 'அபிவிருத்தி குன்றிய' பகுதிகளுக்கு உதவுவது பற்றிப் பேசினார். அதே ஆண்டில் எமது பட்டிப்பளை ஆற்றை மறிக்கக் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவாயிற்று. இங்கினியாகலையில் அணை எழுந்தது. வட்டைகளுக்கு நீர் வந்தது உண்மை; அதை மறுக்கவில்லை. ஆனால் காணி யாருக்கு என்ற கேள்வியும் கூடவே வந்தது. 1956 இல் அப்பள்ளத்தாக்கில் இரத்தமும் சிந்தியது.

அதே கல்லோயா வேறொரு பாடத்தையும் தந்தது. 1980களின் தொடக்கத்தில் இடதுகரை வாய்க்கால்களைத் திருத்தும் வேலையின்போது, இளம் அமைப்பாளர்கள் கிராமங்களில் தங்கி விவசாயிகளோடு பேசினார்கள். விவசாயிகள் தாமே கூடி, தூர்ந்த வாய்க்கால்களை வெட்டித் துப்புரவாக்கி, முறைவைத்து நீர் பாய்ச்சினார்கள். மேலே இருந்த சிங்கள விவசாயிகள் மிச்சம் பிடித்த நீர், கீழே தமிழ் பேசும் விவசாயிகளின் வயலுக்கும் வந்தது. நீரை அங்கே கொண்டு சேர்த்தது சீமெந்து அல்ல, மனிதரின் பேச்சு. இது தம் காலால் நடந்த முன்னேற்றம்.

மறுபுறம் நுரைச்சோலையைப் பாருங்கள். 2004 சுனாமியில் வீடிழந்த அக்கரைப்பற்று மக்களுக்கென சவூதி அரேபிய உதவியுடன் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றை யாருக்கு எப்படிப் பகிர்வது என்பதில் வழக்கு எழுந்து, 2009 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீடுகளோ ஆண்டுக் கணக்கில் ஆளின்றிக் காடு பற்றிக் கிடந்தன. கட்டியவர் கணக்கில் வேலை முடிந்தது. காத்திருந்தவர் கணக்கில்?

எம் போன்ற பணியாளர்களும் இதில் குற்றமற்றவர்கள் அல்ல. இத்தனை வீடு, இத்தனை கிணறு, இத்தனை கூட்டம் என்று நாமும் றிப்போர்ட் எழுதுகிறோம். யார் பேசினார்கள், யார் முடிவெடுத்தார்கள் என்று எழுதுவதில்லை.

விதைப்புக்கு முன் ஆரம்பக் கூட்டம் வைத்து, வாய்க்காலில் நீர் திறக்கும் திகதியை விவசாயிகளிடம் கேட்டே தீர்மானிக்கிறார்கள். நீரைத் திறக்க எம்மைக் கேட்பவர்கள், எம்மைக் குடியேற்ற எம்மைக் கேட்க வேண்டாமா?

ஆகவே, அடுத்த முறை படிவம் வரும்போது அவசரப்பட்டுக் கையொப்பம் வைக்க வேண்டாம். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். காணி யார் பெயரில் இருக்கும், உறுதி எப்போது கிடைக்கும், வேலை முடிந்தது என்று தீர்மானிப்பவர் யார் என்று கேளுங்கள். கேட்பது நன்றிகெட்ட செயல் அல்ல. அதுவே நாம் எடுத்து வைக்கும் முதல் அடி.