வைக்கோலும் பாலும்



கெமாஸில் 2,726 எக்டர் பரப்பில் உருவாகியுள்ள பால்பண்ணையைப் பற்றி அண்மையில் பெற்றோர் ஒருவர் பேசினார். "இனிச் சின்னப் பண்ணைக்கு வேலை இல்லை, ஐயா" என்றார். அவர் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

பெடாஸ் தோட்டப்புறத்தில் என் தந்தையார் பால்மரம் சீவினார். நான்கு மாடுகளும் வளர்த்தார். அருகிலிருந்த மலாய்க் கம்பத்து வயல்களில் அறுவடை முடிந்ததும் வைக்கோல் எங்கள் கொட்டகைக்கு வரும். எங்கள் சாணம் அவ்வயல்களுக்குப் போகும். பணம் கைமாறியதாக நினைவில்லை. சம்பளம் மாதம் ஒருமுறை; பால்காசோ நாள்தோறும். என் பள்ளிச் செலவு அக்காசில்தான் நடந்தது.

கால்நடைத் துறையினர் 'எல்.ஐ.டி.', அதாவது உள்ளூர் இந்தியக் கறவை மாடு எனக் குறிக்கும் வகை அது. நம் முன்னோர் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழித்தோன்றல். வெயிலைத் தாங்கும், பால் குறைவு. பிரீசியன் கலப்பு மிகுதியாகக் கறக்கும். வெப்பத்தில் சோர்ந்து தீனி குறைக்கும். எதுவாயினும் வைக்கோல் மட்டும் போதாது. அதில் புரதம் மிகக் குறைவு. நேப்பியர் புல்லும் செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கும் சேர வேண்டும்.

ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது, இளங்கன்றுகளை மாடு மேயும் என்று நிர்வாகம் மாடுகளை அகற்றச் சொன்னது. தந்தையார் நான்கையும் ஒரே நாளில் விற்றார். நிர்வாகத்தின் அச்சம் பொய்யன்று. ஆயினும் வேலியிட்ட ஒரு துண்டு நிலம் தந்திருக்கலாம் என்ற மனக்குறை எனக்கு இன்றும் உண்டு.

பின்னர் அவ்வயல்களும் தரிசாயின. நீர்ப்பாசனத்தில் ஒருவர் மட்டும் தனித்து நிற்க முடியாது. மேல்மடையில் இரண்டு வயல் புதர் மண்டினால் வாய்க்கால் தூர்ந்து கீழ்மடை காயும், எலியும் பெருகும். ஆகவே, மாடு வாங்க மானியம் தருவதற்கு முன் வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்பேன்.

காவிரிப் பாசனப் பகுதியைப் பாருங்கள். 2012-இல் மேட்டூர் அணை ஜூன் 12-க்குப் பதிலாகச் செப்டம்பர் 17-இல்தான் திறக்கப்பட்டது. குறுவைக்கு நீர் இல்லை. அத்தகைய ஆண்டில் கறவை மாடு உள்ள வீட்டிற்கு அன்றாடச் செலவுக்கேனும் ஒரு வழி உண்டு.

நமக்கும் 2023 மறந்திருக்காது. ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்ந்தது. உள்ளூர் அரிசியோ கடைகளில் காணாமற் போயிற்று.

ரெம்பாவ் வட்டார ஆடாட் நிலம் பெண்வழி மரபுரிமை; வெளியார் வாங்க இயலாது. வாங்கவும் வேண்டாம். வயல் அவர்களிடம், மாடு நம்மிடம் என்ற பழைய உறவே போதும். நாம் கேட்க வேண்டியது கொட்டகைக்கும் புல்லுக்கும் சிறிது இடம்.

இதைச் சொன்னபோது அந்தப் பெற்றோர், "விடியற்காலை ஐந்து மணிக்கு யார் ஐயா பால் கறப்பது?" என்றார். நியாயமான கேள்விதான். என் தந்தையாரும் அடுத்த வீட்டுக்காரரும் முறை வைத்துக் கறந்தனர். காலையில் இவர், மாலையில் அவர்.