அப்பாவுக்கு வாக்கிங், பிள்ளைக்கு டியூஷன்

சாயங்காலம் ஆறு மணிக்கு நம்ம ஊரில் ஏதாவது ஒரு பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள் மக்களே. அப்பாக்கள் விறுவிறுவென்று நடந்துகொண்டிருப்பார்கள். ஆசைப்பட்டெல்லாம் இல்லை. சர்க்கரை வந்துவிட்டது, டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். சரி, பிள்ளை எங்கே? டியூஷனில்! அவனுக்குச் சர்க்கரை வர இன்னும் முப்பது வருஷம் இருக்கிறதே, அப்போது நடந்துகொள்வான்.

கொஞ்சம் வசதியான வீடென்றால் கோச்சிங்கில் சேர்த்துவிடுவார்கள். பிள்ளை உள்ளே ஆட, அப்பா வெளியே வண்டியில் உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருப்பார். ஃபீஸ் கட்டியாச்சு, கடமை முடிஞ்சாச்சு. அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு ரப்பர் பந்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தெருவில் ஆடியிருக்கலாமே என்று கேட்டால், நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு இது. 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். தினம் அரை மணி பிள்ளையோடு ஓடிப்பிடித்து விளையாடினால் வாரத்துக்கு 210 நிமிடம். அப்பாவின் கணக்கு முடிந்தது, பிள்ளையின் கணக்கில் பாதி தேறியது. மீதிப் பாதியைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்கிறீர்களா? பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கி, திருப்பித் தராமல் எத்தனை வருஷமாச்சு!

எனக்கு அதைவிடக் கோபம் வருவது பெண் பிள்ளைகள் விஷயத்தில்தான். 11 முதல் 17 வயதுக்காரர்களில் போதுமான அளவு உடம்பை அசைக்காதவர்கள் எவ்வளவு என்று உலக அளவில் கணக்கெடுத்தார்கள். 2016 நிலவரப்படி பையன்களில் 78 சதவீதம், பெண்களில் 85 சதவீதம். நம் வீடுகளில் இதற்குக் காரணம் தேட ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். பெண் வயசுக்கு வந்ததும் ஷட்டில் மட்டை பரணுக்குப் போய்விடும். தனியாக வெளியே அனுப்பப் பயம் என்பார்கள். பயம் நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பெண்ணை ஏன் பூட்டி வைக்க வேண்டும்? அம்மாவும் கூட வரட்டும். பள்ளிக்கூடத்தில் த்ரோபால், டென்னிகாய்ட் என்று ஆடித் தீர்த்த அம்மாக்கள் எத்தனையோ பேர். உங்கள் அம்மாவிடமே கேட்டுப் பாருங்களேன். மொட்டை மாடியில் ஒரு கயிறு கட்டினால் போதும், அந்தக் கை இன்னும் மறந்திருக்காது.

சாயங்காலக் காபி யார் போடுவது என்று அப்பா கேட்பார். அவரே போட்டுக்கொள்ளட்டும். அடுப்படி வரைக்கும் நடப்பதும் வாக்கிங்தானே!