சூடானால் போர்டு போச்சா?

நீண்ட பதிவு. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க நினைப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள். கடை வைத்திருக்கும் என் முன்னாள் மாணவர்கள் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும். வகுப்பில் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

"தானா ஆஃப் ஆகுதா? மதர்போர்டு போச்சுங்க. பழைய மாடல், பார்ட்ஸ் கிடைக்காது. புதுசு வாங்கிருங்க."

இந்தத் தீர்ப்பை எத்தனையோ பேர் என்னிடம் வந்து சொல்லிவிட்டார்கள். நான் எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான்: மூடியைத் திறந்து பார்த்தார்களா? பெரும்பாலும் இல்லை. காய்ச்சல் என்று போனவனுக்குத் தெர்மாமீட்டர்கூட வைக்காமல் கிட்னி போய்விட்டது என்று ஒரு டாக்டர் சொன்னால் சும்மா விடுவோமா? கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் ஏன் தலையாட்டுகிறோம்?

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா, விடியும் முன்பே ஜீப் ஏறி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர். மகள் கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கிறாள். யாரோ கொடுத்த பழைய டெஸ்க்டாப்தான் அவள் படிப்புக்கு ஆதாரம். அது போட்ட பத்தாவது நிமிடம் அணைந்துவிடுகிறது. கடையில் போர்டு போச்சு, புதுசுக்கு 26,000 ரூபாய் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா தோட்டைக் கழற்றி அடகுக் கடைக்குப் போகக் கிளம்பியிருந்தார். திறந்து பார்த்தால் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி அடைத்துக் கிடந்தது. பிராசஸருக்கு மேலே தடவிய பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்து உதிர்ந்தது. செலவு 180 ரூபாய், ஒன்றரை மணி நேரம். இன்றைக்கும் ஓடுகிறது. தோடு காதிலேயே இருக்கிறது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. நடுநிலை வகுப்பில் படித்த வெப்பக் கடத்தலும் வெப்பச் சலனமும்தான். சாதாரண டெஸ்க்டாப் பிராசஸர் பல 65 வாட் அளவில் வெப்பம் விடுபவை. பழைய 60 வாட் குண்டு பல்பை எரியும்போது தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அதே சூடு கட்டைவிரல் நகம் அளவுச் சில்லில் பிறக்கிறது. அது பேஸ்ட் வழியாக ஹீட்சிங்கிற்கும், ஃபேன் வழியாகக் காற்றுக்கும், பெட்டியின் பின்பக்கம் வழியாக வெளியேயும் போக வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சூடு உள்ளேயே நிற்கும். 100 டிகிரியை நெருங்கும்போது பிராசஸர் முதலில் வேகத்தைக் குறைக்கும். அப்படியும் தணியாவிட்டால் அணைந்துவிடும். அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அணைகிறது. அதைத்தான் நாம் செத்துவிட்டது என்று சொல்கிறோம்.

2001-ல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணையதளத்தார் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து ஹீட்சிங்கையே கழற்றிக் காட்டினார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. அன்றைய அத்லான் கண நேரத்தில் கருகியது. அந்தக் காலத்திலிருந்து பாதுகாப்பு எவ்வளவோ முன்னேறிவிட்டது. இன்றைய பிராசஸரைச் சூட்டினால் சாகடிப்பது அவ்வளவு சுலபமல்ல. புதிது வாங்கச் சொல்லுகிறவர்களுக்கும் இது தெரியும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஏலக்காய் ஸ்டோரே போதும். பச்சைக்காயைத் தட்டில் பரப்பி ஐம்பது டிகிரி சுமாருக்குச் சூடேற்றுகிறோம். ஈரக்காற்று வெளியேற வழி விடாமல் அடைத்தால் என்ன ஆகும்? காய் வேகும், நிறம் போகும், போடி ஏலத்தில் விலையும் போகும். காற்று வந்தால் போக வழி வேண்டும் என்று தெரிந்த ஊர் இது. அந்த ஊரில்தான் கம்ப்யூட்டரை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறோம்.

ஆமாம், அடுத்த குற்றவாளி கம்ப்யூட்டர் டேபிள். சிபியு பெட்டிக்கென்று மூன்று பக்கமும் பலகை அடித்து, முன்னால் கதவும் போட்டு விற்கிறார்கள். பின்னால் விடும் சூடான காற்றையே அது திரும்ப முன்னால் இழுக்கிறது. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இதைவிட மோசம். தூசி படக்கூடாதென்று தைத்த துணியுறையைப் பாதி விலக்கிவிட்டு மெஷினை ஓட்டுகிறார்கள். ஆனிக்காற்றும் ஆடிக்காற்றும் மலையிறங்கி வந்து தேவாரத்துச் செம்மண்ணை வீட்டுக்குள் கொட்டும்போது, தூசிக்குப் பயப்படுவது சரிதான். உறையை மெஷின் ஆறிய பிறகு போடுங்கள்.

"ஏசி போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். தூசி அடைத்த ஹீட்சிங்கிற்கு ஏசி அறையிலும் மூச்சு முட்டும். சித்திரை வெயிலில் அறை 38 டிகிரி இருந்தாலும், காற்றோட்டம் சரியாக இருந்தால் நல்ல மெஷின் தாங்கும்.

சரி, என்ன செய்வது?

1. முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். பக்க மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை எதிரே வையுங்கள். பத்து நிமிடத்தில் அணைந்தது இப்போது ஒரு மணி நேரம் ஓடினால் நோய் சூடுதான். இது சோதனைக்கு மட்டும். அப்படியே திறந்து வைத்தால் பல்லி குடியேறும்.

2. பயாஸ் பக்கத்தில் வெப்பநிலை காட்டும். சும்மா இருக்கும்போது 40 முதல் 50 வரை என்றால் கவலையில்லை. போட்ட ஓரிரு நிமிடத்தில் 90-ஐத் தாண்டினால் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை, அல்லது ஃபேன் சுற்றவில்லை. இன்டெல் ஃபேனின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று நழுவியிருந்தாலே இப்படி ஆகும்.

3. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். காய்ந்த பெயின்ட் பிரஷ் போதும், ஈரத்துணி கூடாது. காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

4. ஹீட்சிங்கைக் கழற்றினால் பேஸ்ட்டைக் கட்டாயம் மாற்ற வேண்டும். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, புதியதைத் துவரம்பருப்பு அளவு வைத்தால் போதும். இட்லிக்குச் சட்னி மாதிரி அப்பக்கூடாது. பழைய ஏஎம்டி என்றால் நேராக இழுக்காதீர்கள், பிராசஸரும் சேர்ந்து வந்துவிடும். கொஞ்சம் ஓடவிட்டு அணைத்து, இளஞ்சூட்டில் மெதுவாகத் திருகி எடுங்கள்.

5. முன்னால் காற்று உள்ளே, பின்னால் வெளியே. மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் திசை தெரியும். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே அரை அடி விடுங்கள்.

6. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

கடைக்காரர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். போர்டில் நிற்கும் சின்ன உருளை கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால், கசிந்திருந்தால் போர்டில் கோளாறுதான். ஃபேனும் பேஸ்ட்டும் சரியாக இருந்து, வெப்பநிலையும் சாதாரணமாக இருந்து, அப்போதும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ் அல்லது போர்டைச் சந்தேகப்படலாம். அதையெல்லாம் பார்த்த பிறகு சொல்லட்டும், ஒப்புக்கொள்கிறேன்.

"சுத்தம் செய்து கொடுத்தால் எங்களுக்கு என்ன கிடைக்கும் சார்?" என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. வாடகை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. எனவே வாடிக்கையாளர்களுக்கும் சொல்கிறேன்: ஒரு மணி நேர வேலைக்கு 50 ரூபாயை நீட்டிப் பேரம் பேசாதீர்கள். உழைப்புக்கு 400 கேட்டால் கொடுங்கள். பழுதுபார்ப்பவன் அதில் பிழைக்க முடியாத இடத்தில்தான் பொய்த்தீர்ப்பு முளைக்கிறது. "வாரண்டி போய்விடும்" என்ற மிரட்டலுக்கும் பதில்: வாரண்டி இருக்கும்வரை சீலைத் தொடாதீர்கள். ஏழு வருடப் பெட்டிக்கு எந்த வாரண்டி?

2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழுவே அமைத்தது. 2023 ஏப்ரல் 1 முதல் புதிய மின்னணுக் கழிவு விதிகள் அமலில் இருக்கின்றன. டெல்லியில் எழுதியது தேவாரத்துக்கு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம். ஸ்குரூ டிரைவர் இங்கேயே கிடைக்கிறது.

ஆயுத பூஜையன்று மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், பெட்டிக்கு மாலை எல்லாம் வைக்கிறோம். இந்த வருடம் அதற்கு முந்தின நாள் மூடியையும் திறங்கள். ஆடிக்காற்றின் தூசியெல்லாம் அப்போது உள்ளேதான் இருக்கும். பங்குனியில் வெயில் ஏறும் முன் இன்னொரு முறை. பள்ளி ஆய்வகம் என்றால் பொறுப்பாசிரியரின் அனுமதியோடு பிளஸ் ஒன் பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். வெப்பப் பாடம் அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரியும்.

வீட்டில் "செத்துப்போன" டெஸ்க்டாப் இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் என்ன அறிகுறி என்று கருத்தில் எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததைச் சொல்ல, கோபப்பட்ட என் மாணவர்களே வருவார்கள்.