விசில் இல்லாத சிப்

கம்ப்யூட்டர் சிப்புகள் பெரும்பாலானவற்றுக்குள் ஒரு பி.டி. மாஸ்டர் இருக்கிறார். பெயர் க்ளாக். விநாடிக்குக் கோடிக்கணக்கான தடவை விசில் ஊதுவார். ஒவ்வொரு விசிலுக்கும் எல்லோரும் ஓரடி வைக்க வேண்டும். வரிசையில் இருக்கிற நோஞ்சானின் வேகம்தான் மொத்த வரிசைக்கும். சும்மா நிற்கிறவன் காதிலும் விசில் விழும். அதற்கும் பேட்டரி செலவு!

விசிலே வேண்டாம் என்று சிலர் கிளம்பினார்கள். அமெரிக்காவின் கால்டெக்கில் 1989-ல் அலைன் மார்ட்டின் குழு, மான்செஸ்டரில் 1994-ல் ஸ்டீவ் ஃபர்பர் குழு. அவர்கள் செய்த சிப்பில் ஒவ்வொரு பகுதியும் பக்கத்து சீட்டோடு மட்டும்தான் பேசும். 'சரக்கு ரெடி' என்று சொல்ல ஒரு கம்பி, 'வாங்கிட்டேன்' என்று சொல்ல ஒரு கம்பி. ஃபைலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறோமே, அதேதான்.

சரி சார், செய்வதற்கு முன்பே இது ஓடுமா என்று எப்படிப் பார்ப்பது? வழக்கமான கம்ப்யூட்டர் மொழிகள் ரேஷன் க்யூ மாதிரி. முதல் வரி முடிந்தால்தான் இரண்டாவது. சிப்பிலோ எல்லோரும் ஒரே சமயத்தில் வேலை பார்க்கிறார்கள்.

இதற்குத் தோதான மொழி ஏற்கெனவே இருந்தது. டோனி ஹோர் 1978-ல் எழுதிய சி.எஸ்.பி. அதை வைத்து பிரிஸ்டலில் இன்மாஸ் கம்பெனி 1983-ல் கொண்டுவந்தது 'ஆக்கம்'. (தமிழ் இல்லை. 14-ம் நூற்றாண்டுத் துறவி ஒருவரின் ஊர்ப் பெயர்.) இதில் '!' போட்டால் அனுப்புகிறேன், '?' போட்டால் வாங்குகிறேன். இரண்டு பேரும் சந்திக்கும்வரை யாரும் நகரக் கூடாது. டெபிட் இருந்தால் கிரெடிட் இருந்தே ஆக வேண்டும் என்று பி.காமில் படித்த எனக்கு உடனே பிடித்துவிட்டது. கம்பிகளில் நடக்கிற கைகுலுக்கலும் இதேதான். ஆக, புரோகிராமே கிட்டத்தட்ட சர்க்யூட் படம்! ஹாலந்தில் பிலிப்ஸ்காரர்கள் 'டாங்க்ராம்' என்ற மொழியில் எழுதி, அதிலிருந்தே நேராக சிப் செய்தார்கள். 1990-களில் அது பேஜருக்குள் போய் விற்பனைக்கே வந்தது. விசில் சத்தம் இல்லாததால் பேஜரின் ரேடியோவுக்குத் தொந்தரவும் இல்லை.

வில்லன் ஒருவர் உண்டு. 'நீ கையெழுத்துப் போடு, ஃபைல் தர்றேன்' என்கிறார் ஒருவர். 'ஃபைலைக் காட்டு, போடறேன்' என்கிறார் மற்றவர். கரண்ட் இருக்கும், ஒரு வேலையும் நடக்காது. ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தேன், நிற்கவே இல்லை என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆயிரத்து ஓராவது தடவை யாராவது ஒருவர் கொஞ்சம் லேட்டாக வருவார், அன்றைக்கு மாட்டிக்கொள்ளும். அதனால்தான் சி.எஸ்.பி.யில் எழுதியதை, யார் முந்தினாலும் பிந்தினாலும் என்ன ஆகும் என்று மொத்தமாகத் துருவ ஆக்ஸ்ஃபோர்டில் எஃப்.டி.ஆர். என்று ஒரு சாஃப்ட்வேர் செய்தார்கள்.

ஆளுக்கு இரண்டே நிலை என்றாலும் பத்துப் பேருக்கு 1,024 விதம். முப்பது பேருக்கு 107 கோடி. அதனால் செக்‌ஷன் செக்‌ஷனாகப் பிரித்துத்தான் பார்க்கிறார்கள். எங்கள் ஆடிட்டர்கள் மாதிரியே.