பரணில் கிடக்கும் தகரப் படகு

சென்ற ஆயுத பூஜைக்குச் சானமாவில் கடையை ஒட்டடை அடித்தபோது, பரணிலிருந்த ஒரு பெட்டியைப் பிரிக்காமலே பழைய இரும்புக்காரருக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டோம். உள்ளே இருந்தவை ஓசூர் தேர்த்திருவிழாவுக்கு வாங்கி மிஞ்சிய தகரப் படகுகள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வியாபாரிக்கு இது அழகா?

தொட்டியில் விட்டுத் திரி ஏற்றினால் 'டபடப'வென ஓடுமே, அதுவும் நீராவி இயந்திரம்தான்! சிறு கொதிகலத்து நீர் ஆவியாகிக் குழாய் நீரை வெளியே தள்ளும். ஆவி குளிர்ந்ததும் நீர் திரும்ப ஏறும். தாமஸ் பியோ என்பவர் 1891-இல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். பிர்மிங்காமின் மாமோட் இயந்திரங்களைத் தேடி வாங்குவோர் இதையும் தேடுகிறார்கள்.

பழுது பார்க்கிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது பெயிண்ட் அடிப்பவர்களைக் கண்டால் நமக்கு வயிறு எரிகிறது. தகரத்தில் அச்சிட்ட படத்துக்குத்தானே விலை! குழாயில் ஊதிப் பார்த்து, ஒழுகும் இடத்தில் மட்டும் ஈயம் பற்றவைத்தால் போதும். நீரில்லாமல் திரி ஏற்றினால் அந்தப் பற்றும் உருகிவிடும்.

2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டோர் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பழைய பெயிண்டில் ஈயமும் இருக்கக்கூடும். ஆகவே பிள்ளைகளுக்கு விற்கலாகாது. சேகரிப்பவருக்குப் பழம்பொருள் என்று பில்லில் எழுதியே கொடுக்க வேண்டும்.

அங்கத்தினர்கள் இம்முறை பழைய இரும்புக்காரரை அழைக்குமுன் பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறோம்.