தராசை யார் நிறுப்பது?

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் யாரிடமாவது "ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிலோவில்தான் வரும். "பதினெட்டு எடுத்தா பேரு, இல்லாட்டி அரைப்பேரு." பெயர் நாட்சம்பளம். ஆனால் நாள் முழுக்க மலையில் நின்றாலும் கிலோ குறைந்தால் அரைநாள்தான்.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை ஊடாக நாட்சம்பளம் 1000 ரூபாவானது. அடிப்படை 900, கொடுப்பனவு 100. அதன் பிறகு பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோ ஏறியது, வேலை நாள் குறைந்தது. 2024 இல் 1700 என்று வர்த்தமானி வந்தது, கம்பனிகள் நீதிமன்றம் போயின, கடைசியில் அடிப்படை 1350 இல் வந்து நின்றது. அப்போதும் ஊடகங்களில் ரூபாதான் பேச்சு. கிலோவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

உற்பத்தித்திறன் கூடினால்தான் சம்பளம் கூட்டலாம் என்பது கம்பனிகளின் வாதம். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனால் செடியின் வயசு, மழை, உரம், புல்லு வெட்டின மலையா காடு பிடிச்ச மலையா, இதெல்லாம் கொழுந்து எடுக்கிறவங்க கையிலயா இருக்கு? 2021 இல் அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடை செய்தது. உரமில்லாத செடியில் கொழுந்து குறையும். அதற்கும் அரைப்பேர் போட்டால், முடிவெடுத்தது ஒருத்தர், தண்டம் கட்டுவது இன்னொருத்தர்.

காலையில் பெரட்டுக்குப் பிந்தினால் திருப்பி அனுப்பலாம். அப்போது நேரம் கணக்கு. பின்னேரம் கிலோ குறைந்தால் எட்டு மணித்தியாலமும் கணக்கில் இல்லை. எது நிர்வாகத்துக்கு வசதியோ அதுவே அளவுகோல்.

நிறுவையிலும் இதே கதைதான். ஈரத்துக்கு, சாக்குக்கு, முத்தல் இலைக்கு என்று இரண்டு மூன்று கிலோ கழியும். எங்க அம்மாமாருக்கு இது பழகிப்போன விசயம். ஏன் என்று கேட்டால், "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்பார்கள். தொழிலாளியின் சொல்லை நம்பாமல் ஒவ்வொரு கிலோவையும் நிறுக்கிறவர்கள், தாங்கள் கழிக்கிறதை மட்டும் நம்பச் சொல்கிறார்கள்.

"கிலோ கணக்கு இல்லாட்டி யார் வேலை செய்வாங்க?" என்று சிலர் கேட்கலாம். அளக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அளவு இரண்டு பக்கத்துக்கும் தெரிய வேண்டும் என்கிறோம். மலைக்கும் பருவத்துக்கும் ஏற்ற கிலோவை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். மொத்த நிறை, கழிவு, மிச்சம் மூன்றும் உள்ள துண்டை அன்றைக்கே கையில் கொடுங்கள். தராசுக்குப் பக்கத்தில் தொழிலாளர் சார்பில் ஒருவர் நிற்கட்டும்.

இதுக்குக் கோடிக்கணக்கில் செலவாகாது. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கங்கள் எத்தனை ரூபா என்று கேட்கட்டும். கூடவே, எத்தனை கிலோவுக்கு, எந்தத் தராசில் என்றும் கேட்கட்டும். தோட்டத்துப் பிள்ளைகளான நாங்கள் அந்தச் சங்கங்களிடம் இதைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.